குழந்தை பிறந்த வீட்டில் அப்பா ஏன் சிடுசிடுக்கிறார்?

ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததும் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. தாய்க்குப் பத்தியச் சாப்பாடும் படுக்கையும், குழந்தைக்கு வசம்பு வளையலும் எண்ணெய்க் குளியலும், பாட்டிகளுக்கு ஓயாத வேலையும் அதற்கேற்ற அதிகாரமும் வந்து சேர்கின்றன. தந்தைக்குக் கிடைப்பது மருந்துச் சீட்டும் பணம் கட்டும் வரிசையும்தான். அவர் அந்த வரிசையில் நின்று முடித்து, ஸ்வீட் பெட்டி வாங்கி அலுவலகத்தில் கொடுத்து, வாழ்த்துகளையும் பெற்றுக்கொண்டு, மூன்று நான்கு மாதங்கள் கழித்து ஒன்றுமில்லாத காரியத்துக்கெல்லாம் எரிந்து விழத் தொடங்கும்போது, "வேலை டென்ஷன்" என்று ஒருவர் சொல்வார்; "பொறுப்பு வந்துடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று இன்னொருவர் சொல்வார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

அண்மைக் காலத்தில் இதற்கு நேரெதிரான ஒரு பேச்சும் புழங்குகிறது. "ஆண்களுக்கும் பிரசவத்துக்கு அப்புறம் டிப்ரஷன் வருமாம்" என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றிச் சுற்றி வந்ததில், ஓரிரவு தூக்கம் கெட்டதிலிருந்து மனைவியைக் கைநீட்டி அடிப்பது வரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயரை ஒட்டிவிடுகிறார்கள். முதல் தரப்பினர் நோயைக் காணாமல் விடுகிறார்கள். இரண்டாம் தரப்பினர் காண்பதையெல்லாம் நோய் என்கிறார்கள். மனச்சோர்வு எது, கோபம் அதில் எங்கிருந்து வருகிறது, அது குடும்பத்தில் யாரை எப்படித் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும்.

## வோல்டேஜ் குறைந்த வீடு

சென்னைக் கோடையில் மின்சாரம் நின்றுபோவது ஒரு தொல்லை. மின்சாரம் இருந்தும் வோல்டேஜ் குறைந்திருப்பது அதைவிடக் குழப்பமான தொல்லை. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, எனவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் இயங்குவதாகவே தோன்றும். ஆனால் விசிறியில் காற்று வராது. ஃபிரிஜ்ஜின் கம்ப்ரஸரோ முக்கி முனகி உறுமும். சில நேரம் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். கோளாறு ஒன்றுதான், விசிறியில் அது தளர்ச்சியாகவும் கம்ப்ரஸரில் சூடாகவும் வெளிப்படுகிறது.

மனச்சோர்வும் ஏறத்தாழ இப்படிப்பட்டதுதான். அன்றாடப் பேச்சில் களைப்பு, வருத்தம், சலிப்பு எல்லாவற்றையும் "சோர்வு" என்கிறோம். மனநல மருத்துவத்தில் மனச்சோர்வு என்பதற்கு வரையறை உண்டு: குறைந்தது 2 வாரங்களுக்கு, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி நேரம் மனம் தாழ்ந்து கிடக்க வேண்டும் அல்லது வழக்கமாகப் பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போயிருக்க வேண்டும், அதனுடன் தூக்கம், பசி, உடல் ஆற்றல், கவனம், தன்னைப் பற்றிய மதிப்பு ஆகியவற்றில் பல ஒருசேரக் கெட்டு, அதனால் அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட வேண்டும். ஒரு நாள் அழுகையோ ஒரு வாரச் சலிப்போ இந்த வரையறைக்குள் வராது. குழந்தை வயிற்றில் இருக்கும் காலத்திலோ பிறந்து ஓராண்டுக்குள்ளோ தந்தைக்கு இந்த நிலை வந்தால் அதைத் தந்தையர் மனச்சோர்வு என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? பல நாடுகளில் நடந்த 43 ஆய்வுகளை, 28,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, சுமார் 10 சதவீதத் தந்தையருக்கு இது வருவதாகக் கண்டது. பத்தில் ஒருவர் என்றால், பள்ளி வாசலில் ஸ்கூட்டரோடு காத்து நிற்கும் அப்பாக்களின் கூட்டத்திலேயே இதைக் கடந்து வந்தவர்கள் சிலராவது இருப்பார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, எனக்கு அதுவே முக்கியமாகப்படுகிறது. குழந்தை பிறந்த உடனே இந்த விகிதம் உச்சத்தில் இருக்கவில்லை. 3 முதல் 6 மாதங்களுக்குள்தான் மிக உயர்ந்திருந்தது.

நம் ஊர் வழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இன்றும் பெரும்பாலான குடும்பங்களில் நடைமுறை. வளைகாப்பு முடிந்து போகும் மனைவி, குழந்தையோடு திரும்பி வருவது மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோதான். அதுவரை சனிக்கிழமை இரவு கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி, ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்த்து, திங்கள் காலை வேலைக்குத் திரும்பும் விருந்தாளித் தந்தையாக ஒருவர் இருக்கிறார். பிறகு ஒரு நல்ல நாளில் குழந்தை, தூளி, மூட்டை முடிச்சுகள் எல்லாம் இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்து இறங்கும். ஒரு வாரம் கழித்து மாமியாரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஆய்வு சொல்லும் ஆபத்தான மாதங்களும், சென்னைத் தந்தை உண்மையிலேயே தந்தையாக வேலையில் சேரும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. வழக்கத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தாய்க்கு அந்த ஓய்வு தேவை. ஆனால் அந்த மாதங்களில் மனைவி கற்றுக்கொண்ட எதையும் கணவர் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

## கொரட்டூரில் ஒரு மாலை

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவர், கொரட்டூரில் இருக்கும் தம் குடியிருப்புக்கு மாலை ஏழே முக்காலுக்கு வந்து சேர்கிறார். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மேலே குழந்தை அழும் சத்தம் கேட்கிறது. தம்முடைய குழந்தைதான் என்று தெரிகிறது. வண்டியின் மேலேயே உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார், ஆனால் திரையில் எதையும் பார்க்கவில்லை. இருபது நிமிடங்கள் கழிகின்றன.

மேலே போனதும் மனைவி கேட்கிறார்: "டயப்பர் வாங்கிட்டு வந்தீங்களா?" மறந்துவிட்டது. அவ்வளவுதான், சாவிக்கொத்து செருப்பு ஸ்டாண்டின்மேல் போய் மோதுகிறது. அந்தச் சத்தத்தில் குழந்தை ஒரு நொடி மூச்சடக்கிப் பிறகு வீறிடுகிறது. யாரும் யாருடனும் பேசவில்லை. அவர் சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாலாடையை எடுத்துக் குழாயடியில் பிடித்து மறுபடியும் கழுவிக்கொண்டே நிற்கிறார்.

அவரிடம் "வருத்தமா இருக்கீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அது பொய்யும் ஆகாது. வருத்தம் என்ற பெயரில் அவருக்குள் எதுவும் தெரிவதில்லை. எரிச்சல் தெரிகிறது, வீட்டுக்குப் போகக் கால் வராதது தெரிகிறது, கை சும்மா இருக்க முடியாதது தெரிகிறது.

மருத்துவத்தின் பட்டியல்களும் இவருக்கு அவ்வளவாக உதவுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம். 5 என்ற கையேட்டை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மனச்சோர்வுக்கான அதன் முதன்மை அறிகுறிகளில், தாழ்ந்த மனநிலைக்குப் பதிலாக எரிச்சலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சலுகை சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் மட்டுமே உண்டு. முப்பது வயது ஆணின் எரிச்சல் அங்கே தனி வரியாக இடம்பெறவில்லை. எனவே கோபத்தை மட்டும் காட்டும் ஒருவர், வீட்டாரிடம் "கோபக்காரர்" என்றும், மருத்துவரிடம் போனாலும் சில நேரம் "மனச்சோர்வு இல்லாதவர்" என்றும் பெயர் வாங்கித் திரும்ப வாய்ப்பிருக்கிறது.

இதுவரை பார்த்ததில் மனத்தில் நிறுத்த வேண்டியவை இரண்டு: மனச்சோர்வு என்பது வாரக்கணக்கில் நீடித்து, வாழ்க்கையை இடறச் செய்யும் ஒரு நிலை, ஆண்களில் பலரிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் ஒதுங்கலாகவும் வரக்கூடும்.

## கோபம் உண்டாகும் விதம்

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். யார் வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அவர் வேலை. மேலே அசோசியேஷன் செயலர் இருக்கிறார். "அவர் நம்ம பி பிளாக் ஆளுதான், விடுங்க" என்று இண்டர்காமில் சொல்வது அவர் வேலை. இரண்டு பேரும் தேவை. இண்டர்காம் பழுதானால் என்ன ஆகும்? வாட்ச்மேன் பால்காரரையும் திருடனையும் ஒரே குரலில் அதட்டுவார்.

மூளையில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி உண்டு; ஆபத்தை மோப்பம் பிடித்து உடலை உசுப்பிவிடும் வாட்ச்மேன் அது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, அந்த உசுப்பலைச் சீர்தூக்கிப் பார்த்து அடக்கும் செயலர். 2007-இல் வெளியான ஒரு மூளைப்பட ஆய்வில், ஓரிரவு தூங்காமல் இருக்கச் செய்யப்பட்டவர்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, நன்றாகத் தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா சுமார் 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்தது. முன்மூளையுடன் அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. இது ஓர் இரவுக் கணக்கு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கும் இரவுகள் மாதக்கணக்கில் தொடரும். "டயப்பர் வாங்கிட்டு வந்தீங்களா?" என்ற சாதாரணக் கேள்வி அவர் காதில் குற்றச்சாட்டாக விழுந்ததற்கு ஒரு காரணம் இதுதான்: வாசலில் நின்றவர் பால்காரர், மேலிருந்து அதைச் சொல்ல ஆளில்லை.

தூக்கம் மட்டும் காரணமாக இருந்தால் குழந்தை இரவில் தூங்கத் தொடங்கியதும் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். பலருக்கு அப்படியே சரியாகியும் விடுகிறது, அவர்களுக்கு வந்தது மனச்சோர்வு ஆகாது. மற்றவர்களுக்கு வேறு சில எடைகளும் சேர்ந்திருக்கும்.

ஹார்மோன் அவற்றில் ஒன்று. ஹார்மோன் என்பது உடலின் ஒரு பகுதியில் சுரந்து, ரத்தத்தின் வழியாக இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள். பிள்ளை பெற்ற உடலில்தான் ஹார்மோன் மாறும் என்று நினைக்கிறோம். பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தந்தையானவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு கணிசமாகக் குறைந்திருந்தது; குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டவர்களிடம் அது மேலும் குறைவாக இருந்தது. இது நோய் அன்று. பராமரிப்பாளராக மாறும் உடலின் இயல்பான ஒழுங்கு. ஆனால் ஆண்களில் இந்த ஹார்மோன் குறைவதற்கும் மனம் தாழ்வதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதால் இதையும் ஆய்வாளர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். இதற்குமேல் இதில் நாம் நுழையத் தேவையில்லை.

எனக்குப் பெரியதாகத் தோன்றுவது கையாலாகாமை. குழந்தைகளின் அழுகை பிறந்த ஆறாவது வாரத்தையொட்டி உச்சம் அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணியும் என்பது 1960-களிலிருந்தே மருத்துவர்கள் அறிந்தது. அந்த உச்சக் காலத்தில் தாயிடம் ஒரு மருந்து இருக்கிறது: பால். தந்தையிடம் எதுவும் இல்லை. அவர் தூக்கினால் அழுகை கூடுகிறது, பக்கத்தில் இருப்பவர்கள் "குடுங்க மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியாது" என்று கை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். பத்து முறை இப்படி நடந்தால் பதினோராவது முறை அவர் தூக்க மாட்டார். இடையில் சில மாதங்கள் ஊரில் வளர்ந்து திரும்பிய குழந்தை என்றால், அவருடைய மணமும் குரலும் அதற்குப் புதியவை. முகத்தைப் பார்த்து உதடு பிதுக்கும். "குழந்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று நாலு மாதக் குழந்தையைப் பற்றி ஒரு வளர்ந்த மனிதர் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறார் என்றால் சிரிப்பு வரலாம். அவர் அதை வெளியே சொல்லாமல் இருப்பதும் அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான்.

இன்னோர் எடை, மனைவியின் மனச்சோர்வு. மேலே சொன்ன 2010 தொகுப்பாய்விலேயே, தாயின் மனச்சோர்வும் தந்தையின் மனச்சோர்வும் சேர்ந்து காணப்படும் போக்கு தெரிந்தது. ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்குவார் என்று நாம் எதிர்பார்ப்போம். நடப்பில் இருவரும் சேர்ந்தே சரிவதுண்டு. பணக் கவலையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. விடுப்பைப் பற்றி மட்டும் ஒரு சொல்: 2017-இல் வந்த சட்டத் திருத்தத்திலிருந்து தாய்க்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு உண்டு. தந்தைக்கு, மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு நாடு தழுவிய சட்ட உரிமை எதுவும் இல்லை, நிறுவனம் மனம்வைத்தால்தான் உண்டு.

இத்தனையும் சேர்ந்து உண்டாவது துயரம் என்றால், அது ஏன் கோபமாக வெளிவர வேண்டும்? "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று மூன்று வயதில் தொடங்கும் பயிற்சியில் விடை இருக்கிறது. அழுகை, பயம், உதவி கேட்பது ஆகிய மூன்று கதவுகளையும் சாத்திவிட்டு, கோபம் என்ற ஒரு கதவை மட்டும் திறந்து வைத்து வளர்க்கிறோம். உள்ளே இருப்பது எதுவானாலும் அந்த வழியாகத்தான் வர முடியும். கோபம் வராதவர்களிடம் வேறு வடிவங்கள் உண்டு: தேவையில்லாமல் ஓவர்டைம் எடுப்பது, இரவு இரண்டு மணி வரை கைப்பேசியில் விளையாடுவது, வாரத்துக்கு ஒருமுறை இருந்த டாஸ்மாக் நாள்தோறும் ஆவது. மது முதலில் கண்ணயரச் செய்து, பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால், ஏற்கெனவே பழுதான இண்டர்காமின் மிச்சக் கம்பியையும் அது அறுத்துவிடுகிறது.

சுருங்கச் சொன்னால், தூக்கக் கேடு மூளையின் கடிவாளத்தைத் தளர்த்துகிறது. கையாலாகாமையும் தனிமையும் பணக் கவலையும் மேலே எடை ஏற்றுகின்றன. வளர்ப்பு அதற்குக் கோபம் என்ற முகத்தைக் கொடுக்கிறது.

## வீட்டில் மற்றவர்களுக்கு என்ன ஆகிறது?

முதலில் குழந்தை. பேச்சு வராத பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது என்று நாம் நினைக்கிறோம். எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனையைச் செய்து காட்டினார். தாய் குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருப்பார். பிறகு ஓரிரு நிமிடங்களுக்கு எந்த உணர்ச்சியும் இல்லாத முகத்தோடு குழந்தையைப் பார்த்தபடி சும்மா இருப்பார். குழந்தை முதலில் சிரித்து அழைக்கும், கையை நீட்டும், கத்திப் பார்க்கும். எதற்கும் பதில் கிடைக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு தளர்ந்துவிடும். குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பார்த்து, சிரித்து, ஒலியெழுப்பி நடத்தும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழியும் பாதுகாப்புணர்வும் துளிர்க்கின்றன. மனச்சோர்வில் இருப்பவரின் முகம் அந்தச் சலனமற்ற முகத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. ஒரு நாள் அப்படி இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. மாதக்கணக்கில் இருந்தால்தான் சிக்கல்.

நெடுங்காலத் தாக்கத்துக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பல்லாயிரம் குடும்பங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு சான்றாக இருக்கிறது. குழந்தை பிறந்த 8-ஆவது வாரத்தில் தந்தைக்கு மனச்சோர்வு இருந்த வீடுகளில், அந்தக் குழந்தைகளுக்கு மூன்றரை வயதானபோது உணர்ச்சிச் சிக்கல்களும் நடத்தைச் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன. ஆண் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தாய்க்கு மனச்சோர்வு இருந்ததா என்பதைக் கணக்கிட்டுக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நிலைத்தது. 2005-இல் இது வெளியான பிறகுதான் தந்தையரைப் பற்றிய ஆய்வுகள் வேகம் பிடித்தன. கூடுதல் வாய்ப்பு என்பதுதான் இதன் பொருள், எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகும் என்பதில்லை. இந்த வரியைப் படித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் தந்தை ஒருவர் இருப்பார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஒரு வயதுக் குழந்தைகளின் தந்தையரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மாதத்தில் குழந்தையை அடித்ததாகச் சொன்னவர்கள் மனச்சோர்வு உள்ளவர்களில் 41 சதவீதம், மற்றவர்களில் 13 சதவீதம். ஒரு வயதுக் குழந்தைக்கு, தன்னை எதற்காக அடித்தார்கள் என்றே தெரியாது. அடியைவிடக் கொடியது உலுக்குவது. அழுகையை நிறுத்தும் வெறியில் கைக்குழந்தையைத் தோளைப் பிடித்து உலுக்கினால், கழுத்து நிற்காத தலை முன்னும் பின்னும் வீசப்பட்டு மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் கிழியலாம். கண்பார்வை போகலாம், உயிரும் போகலாம். சில நொடிகள் போதும். கைகள் நடுங்கும் அளவுக்குக் கோபம் ஏறினால் செய்ய வேண்டியது ஒன்றே: குழந்தையைத் தரையில் விரித்த பாயிலோ தொட்டிலிலோ மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, உருண்டு விழாது என்று உறுதிசெய்துகொண்டு, அடுத்த அறைக்கோ வாசலுக்கோ போய் ஐந்து நிமிடம் மூச்சு விட்டுவிட்டுத் திரும்புவது. அந்த ஐந்து நிமிட அழுகையால் குழந்தைக்கு எந்தக் கேடும் வராது.

மனைவிக்கு நேர்வது வேறு வகை. அவர் ஒரே வீட்டில் இரண்டு பேரின் முகத்தைப் படிக்கும் வேலையை ஏற்கிறார். குழந்தை அழாமல் இருக்க வேண்டும், அழுதால் கணவர் வரும் முன் நிறுத்த வேண்டும், லிஃப்டின் கதவுச் சத்தம் கேட்டதும் டிவியைக் குறைக்க வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள் இந்தக் காவல் வேலை அவரையும் மனச்சோர்வுக்குள் இழுக்கும். இருவரும் கீழே இருக்கும் வீட்டில் குழந்தைக்குப் பதில் சிரிப்பு கொடுக்க யாரும் மிஞ்சுவதில்லை. அப்போது பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ இருந்தால் அதுவே குழந்தைக்குப் பெரிய காப்பு.

## விளக்கம் இருக்கிறது என்பதால் அனுமதி இல்லை

மனச்சோர்வு உள்ள பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. மனைவியை அடிப்பவர்களில் பலருக்கு மனச்சோர்வு இல்லை. அலுவலகத்தில் மேலாளரிடம் வராத கோபம், வீட்டில் மனைவியிடம் மட்டும் வந்தால், குழந்தை பிறப்பதற்கு முன்பும் வந்துகொண்டிருந்தால், மனைவியின் கைப்பேசியையும் பணத்தையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்துவதோடு சேர்ந்து வந்தால், அதற்கு மனச்சோர்வு என்று பெயரிடுவது மனைவிக்குச் செய்யும் அநீதி. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமன்றிச் சொல்லாலும் உள்ளத்தாலும் பணத்தாலும் துன்புறுத்துவதையும் வன்முறை என்றே கொள்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண் தமிழகமெங்கும் இயங்குகிறது. மனச்சோர்வே உண்மையாக இருந்தாலும், சாவியை வீசியவர் சிகிச்சையும் பெற வேண்டும், வீசியதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

## எங்கே, எப்படிக் கேட்பது?

எடின்பரோ அளவுகோல் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. 1987-இல் ஸ்காட்லாந்தில் தாய்மார்களுக்காக உருவாக்கப்பட்டது, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாள்களைப் பற்றிய 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தந்தையருக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆண்கள் அழுகையையும் துயரத்தையும் குறைத்தே ஒப்புக்கொள்வதால் அவர்களுக்கான எல்லை மதிப்பெண்ணைத் தாழ்த்தி வைப்பதுண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்துக் கேள்விகளில் கோபத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எனவே மதிப்பெண் குறைந்து வந்தது என்பதற்காக ஒருவர் நிம்மதியாகிவிடக் கூடாது. இந்தத் தாள் நோயை உறுதிசெய்யும் சோதனையும் ஆகாது, மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க உதவும் ஒரு கருவிதான்.

மருத்துவம் என்று வரும்போது சென்னைவாசிக்கு ஒரு தனித் தடை இருக்கிறது. 1794-இல் தொடங்கிய வரலாறு கொண்ட அரசு மனநலக் காப்பகத்தின் பேட்டைப் பெயரை, "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று தலைமுறை தலைமுறையாக வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே சொன்னவர், தமக்கு வரும்போது எப்படி அந்தப் பக்கம் போவார்? போக வேண்டிய அவசியமும் எப்போதும் இல்லை. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் மற்றப் பிரிவுகளைப் போலவே மனநலப் புறநோயாளிப் பிரிவும் இயங்குகிறது. வீட்டைவிட்டு வெளியே வர மனமில்லாதவர் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. "நான் இல்லாமல் இருந்தால் இவர்களுக்கு நல்லது" என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் நாளை என்று தள்ளக் கூடாது. இந்தியாவில் தற்கொலையால் இறப்பவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பு இதற்காகவே தொலைபேசியில் செவிகொடுக்கிறது.

சிகிச்சை பெரும்பாலும் எளியது. லேசான நிலையில் பேச்சு வழிச் சிகிச்சை, அதாவது பயிற்சி பெற்றவரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்வது, போதுமானதாக இருக்கலாம். நிலை கடுமையானால் மருந்தும் தேவைப்படும். அது வேலை செய்வது தெரியச் சில வாரங்கள் ஆகும், நன்றாகிவிட்டது என்று தாமாகவே நிறுத்தக் கூடாது. தைராய்டு குறைபாடும் மனச்சோர்வு போன்றே தோன்றும் என்பதால் மருத்துவர் ரத்தப் பரிசோதனை கேட்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியதில் முதலிடம் தூக்கத்துக்கு. தொடர்ந்து நாலைந்து மணி நேரத் தூக்கம் இருவருக்கும் கிடைக்கும்படி இரவை முறைபோட்டுப் பிரித்துக்கொள்ளலாம். கறந்து வைத்த பாலைப் பாலாடையில் புகட்டுவது தந்தையின் முறையாக இருக்கலாம். அடுத்தது, அவருக்கென்று குழந்தையிடம் ஒரு வேலை. மாலைக் குளியலோ, பால் குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பதோ, தூளி ஆட்டுவதோ, எதுவானாலும் நாள்தோறும் அவரே செய்ய வேண்டும். முதல் பத்து நாள் தவறாகச் செய்யும்போது பக்கத்தில் நின்று யாரும் வாங்கிக்கொள்ளக் கூடாது. குழந்தைக்கு அவர் குரல் பழகுவதற்கு வேறு குறுக்குவழி கிடையாது.

அவரிடம் யார் கேட்பது என்பது மிச்சம் இருக்கிறது. அடி பற்றிய எண்களைத் தந்த அதே 2011 ஆய்வில், மனச்சோர்வு இருந்த தந்தையரில் 77 சதவீதத்தினர் அந்த ஓராண்டுக்குள் குழந்தையின் மருத்துவரிடம் பேசியிருந்தார்கள். தமக்காக மருத்துவரிடம் போகாத மனிதர் குழந்தைக்காகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். நம் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14-ஆவது வாரங்கள் இருக்கின்றன. பதினான்காவது வாரம் என்பது மூன்று மாதத்தைக் கடந்த முதல் நாள்கள். அன்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ பேட்டையின் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஊசி போடும் அறைக்குள் தாயும் குழந்தையும் போவார்கள். வெளியே பெஞ்சில் ஒருவர் பிளாஸ்க், பை, தடுப்பூசி அட்டையோடு உட்கார்ந்திருப்பார். அட்டையில் எழுதிக் கொடுக்கும் செவிலியர், காய்ச்சல் வந்தால் மருந்து எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து "நீங்க தூங்குறீங்களா சார்? வீட்டுக்குப் போனா கோபம் கோபமா வருதா?" என்று கேட்க அரை நிமிடம் ஆகும்.